கி.பி. 89-இல் வாங்கிய சமாதானம்

லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் டிராஜன் தூணின் பிளாஸ்டர் வார்ப்பு ஒன்று இருக்கிறது. ரோமில் நிற்கும் அசல் தூண் பீடத்தையும் சேர்த்து சுமார் 35 மீட்டர் உயரம். கூரைக்குள் அடங்காது என்பதால் லண்டனில் அதை இரண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ரோமில் அண்ணாந்து பார்ப்பவருக்குச் சில சுற்றுகளுக்கு மேல் எதுவும் பிடிபடாது. இங்கே மாடி நடைக்கு ஏறிவிட்டால் மேலே இருக்கும் காட்சிகளும் ஓரளவு கண்ணுக்கு நேராக வந்துவிடும். பேரரசன் டிராஜன் டேசியர்களோடு நடத்திய இரண்டு போர்களும் கீழிருந்து மேலாகச் சுருண்டு ஏறுகின்றன. கிட்டத்தட்ட 200 மீட்டர் நீளத்துக்குக் கல்லில் ஓடும் கதை, 2,500-க்கு மேற்பட்ட உருவங்கள். நான் முறைப்படி அடியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். டான்யூப் கரையில் காவல் கோபுரங்கள், அடுக்கி வைத்த விறகு, வைக்கோல் போர், சரக்கு ஏற்றிய படகுகள். அப்புறம் தாடி வைத்த நதி தெய்வம் தண்ணீரிலிருந்து இடுப்பளவு எழுந்து பார்க்க, ரோமப் படை படகுப் பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கிறது. அது கி.பி. 101. கதை அங்கேதான் ஆரம்பம். அந்தப் படை கிளம்புவதற்கு முன்னால் ஆற்றின் இரு கரையிலும் என்ன நிலைமை இருந்தது என்பதற்குத் தூணில் இடமே இல்லை.

இருந்தது சமாதானம். 89-இல் பேரரசன் டொமிஷியன் டேசிய மன்னன் டெசிபாலஸோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டான். ஆண்டுதோறும் பணம், கூடவே கைவினைஞர்களும் பொறியாளர்களும். பன்னிரண்டு வருஷம் அது தாக்குப்பிடித்தது. ரோம வரலாற்றை எந்தப் புத்தகத்தில் எடுத்தாலும் இந்த உடன்பாட்டுக்குப் பக்கத்தில் ‘அவமானம்’ என்று ஒட்டியிருக்கும். டொமிஷியன் தலைகுனிந்து காசு கொடுத்தான், டிராஜன் வந்து அந்தக் களங்கத்தைத் துடைத்தான் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வருஷக்கணக்காக இந்த இரண்டு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல்லாயிரம் பேர் உயிரோடு இருந்த பன்னிரண்டு வருஷத்தை அவமானம் என்றும், ஒரு நாட்டையே காலி செய்த ஆறு வருஷத்தைப் பெருமை என்றும் யார் முதலில் முடிவு செய்தது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மலையை ஒட்டி வாழ்ந்தவர்கள்

இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதியும் அதைச் சுற்றிய நிலமும்தான் டேசியா. டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, கார்பேத்திய மலைகளின் வளைவுக்கு உள்ளேயும் வெளியேயும் பரவியிருந்த பல குடிகள். கிழக்கே கருங்கடல் பக்கம் இருந்தவர்களைக் கிரேக்கர்கள் கேட்டேயர் என்றார்கள், மேற்கே மலைப்பக்கம் இருந்தவர்களை ரோமர்கள் டேசியர் என்றார்கள். இரு தரப்பாரும் பேசியது ஒரே மொழி என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அந்த மொழியில் நமக்கு மிஞ்சியிருப்பவை ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் சில மூலிகைப் பெயர்களும்தான். தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைக்காத மக்கள் அவர்கள்.

கி.மு. முதல் நூற்றாண்டில் புரெபிஸ்டா என்ற மன்னன் இந்தக் குடிகளை ஒன்றாகக் கட்டினான். தெசெனேயஸ் என்ற பூசாரி அவனுக்குத் துணை. மக்களை ஒழுங்குக்குக் கொண்டுவரத் திராட்சைக் கொடிகளை வெட்டச் சொன்னார்கள், மக்களும் வெட்டினார்கள் என்பது ஸ்ட்ராபோ சொல்லும் கதை. ஜூலியஸ் சீசர் அவன்மேல் படையெடுக்கத் திட்டம் போட்டிருந்தான். அது நடப்பதற்குள் கி.மு. 44-இல் சீசர் கொல்லப்பட்டான். புரெபிஸ்டாவும் ஏறக்குறைய அதே காலத்தில் சொந்த ஆட்களாலேயே கவிழ்க்கப்பட்டான். அவன் கட்டிய அரசு நான்காக உடைந்தது, பின்னர் ஐந்தாக. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ரோமுக்குப் பெரிய தலைவலி இல்லை. குளிரில் டான்யூப் உறைந்து இரு கரையும் ஒன்றாகும்போதெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்து கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் ஃபுளோரஸ் எழுதுகிறார். ரோமும் பதிலுக்கு ஆற்றைத் தாண்டி அடித்துவிட்டு வரும். சிதறிக் கிடந்த குடிகளோடு ரோமுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டிருந்தது. அவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

இரண்டு ஓபல்

கி.பி. 85 வாக்கில் டேசியர்கள் ஆற்றைக் கடந்து தென்கரையில் இருந்த ரோமின் மோசியா மாகாணத்துக்குள் புகுந்து அதன் ஆளுநர் ஒப்பியஸ் சபினஸைக் கொன்றார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதுகிறேன் என்று ஆகாது. முதல் அடி அவர்களுடையது. டொமிஷியன் நேரே கிளம்பி வந்தான். தன் மெய்க்காவல் படைத் தலைவன் கொர்னேலியஸ் ஃபுஸ்கஸைப் பெரும்படையோடு ஆற்றுக்கு அப்பால் அனுப்பினான். அந்தப் படை மலைக்குள் அழிந்தது, ஃபுஸ்கஸும் செத்தான்.

இதற்குள் டேசியர்களின் தலைமை மாறிவிட்டது. வயதான துராஸ் தானாக விலகி டெசிபாலஸிடம் ஆட்சியைக் கொடுத்திருந்தான். எதிரியின் பக்கத்தில் இருந்துகொண்டே ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இவனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அபாரமானது. போரைப் புரிந்துகொள்வதிலும் நடத்துவதிலும் கெட்டிக்காரன், எப்போது பாய வேண்டும் எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவன், வெற்றியைப் பயன்படுத்தவும் தெரியும், தோல்வியைச் சமாளிக்கவும் தெரியும் என்கிறார். ஒருமுறை அவன் ரோமுக்கு அனுப்பிய செய்தி இது: ஒவ்வொரு ரோமனும் வருஷத்துக்கு இரண்டு ஓபல் எனக்குத் தந்தால் சமாதானம். ஓபல் என்பது ஒரு டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு, சில்லறைக் காசு. தொகைக்காகக் கேட்டதல்ல அது. உலகத்தையே திறை கட்ட வைத்த ஊரைப் பார்த்து ‘ஆளுக்கு ஆள் எனக்குத் திறை கட்டு’ என்று சொன்ன தைரியம் அது.

88-இல் நிலைமை திரும்பியது. டெட்டியஸ் ஜூலியானஸ் என்ற தளபதி தாபே கணவாயில் டேசியர்களை நன்றாகவே தோற்கடித்தான். ஒவ்வொரு வீரனும் தன் பெயரையும் தன் தலைவன் பெயரையும் கேடயத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவன் போட்ட உத்தரவு. யார் நின்றார்கள், யார் ஓடினார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். டெசிபாலஸின் அடுத்த நிலைத் தலைவன் வெசினாஸ் பிணங்களுக்கு நடுவே செத்தவன் போலக் கிடந்து இரவில் தப்பினான். ரோமர்கள் நேரே தலைநகருக்கு வந்துவிடுவார்களோ என்று பயந்த டெசிபாலஸ் வழியில் இருந்த மரங்களை வெட்டி, நின்ற அடிமரங்களுக்குக் கவசம் மாட்டிவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் படை நிற்கிறது என்று எண்ணித் திரும்பிப் போனார்கள் என்கிறார் டியோ. அது அப்படியே நடந்ததா என்பதைவிட, அந்த நிலையில் அவனுக்கு மிஞ்சியிருந்தது தந்திரம்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

89 ஜனவரியில் ரைன் கரையில் சட்டர்னினஸ் என்ற ஆளுநர் தன்னைப் பேரரசனாக அறிவித்துக் கலகம் செய்தான். கலகம் சீக்கிரம் அடங்கினாலும் டொமிஷியனின் கவனம் சிதறியது. அதே வருஷம் நடு டான்யூபில் மார்க்கோமன்னி, குவாடி என்ற ஜெர்மானியக் குடிகள் மேல் போன படை தோற்றுத் திரும்பியது. ஒரே ஆற்றின் கரையில் இரண்டு எதிரிகள், அவர்களில் ஒருவன் ஏற்கெனவே சமாதானம் கேட்டுத் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறான். டொமிஷியன் ஒத்துக்கொண்டான். டெசிபாலஸ் தான் வராமல் டியெகிஸ் என்பவனை அனுப்பினான். ஆயுதங்களும் பிடிபட்ட ரோமர்கள் சிலரும் ஒப்படைக்கப்பட்டார்கள். டொமிஷியன் டியெகிஸின் தலையில் பட்டம் சூட்டினான். அதாவது, டேசியாவுக்கு மன்னனை நியமிக்கும் உரிமை ரோமுக்கு உண்டு என்பதை டேசியர் தரப்பு ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் பணமும், போர் வேலைக்கும் அமைதி வேலைக்கும் தேவையான எல்லாத் தொழில் தெரிந்தவர்களும் போனார்கள்.

பால்பெக்கில் ஒரு கல்

இந்த உடன்பாட்டை அவமானம் என்று சொன்னவர்கள் யார்? டொமிஷியன் 96-இல் அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டான். அவன் பெயரைக் கல்வெட்டுகளில் செதுக்கி எடுக்கச் சொல்லி செனட் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு எழுதியவர்கள்தான் நமக்குச் சாட்சி. இளைய பிளினி 100-ஆம் ஆண்டு செனட்டில் டிராஜனைப் புகழ்ந்து ஆற்றிய உரையில், இப்போது நாம் பிணையாட்களைப் பெறுகிறோம், விலைக்கு வாங்குவதில்லை என்று பெருமைப்படுகிறார். டொமிஷியன் காலத்தில் பதவி மேல் பதவி பெற்றவர்தான் அவரும். வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அப்படியே. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. டொமிஷியன் நல்லவன் என்றும் சொல்லவில்லை. செனட்டர்களை அவன் கொன்றது உண்மை. ஆனால் ஒரு மனிதனை வெறுக்க நல்ல காரணம் இருப்பவர்கள், அவன் செய்த எல்லாவற்றையும் அந்த வெறுப்போடு சேர்த்தே எழுதிவிடுவார்கள். அப்புறம் வந்தவர்கள் அதையே வழிமொழிவார்கள்.

என் மனதில் இதைத் தெளிவாக்கியது ஒரு கல்வெட்டு. லெபனானில் பால்பெக்கில் கிடைத்தது. காயஸ் வேலியஸ் ரூஃபஸ் என்ற படை அதிகாரியின் பணி வரலாறு. எந்தப் போரில் எந்தப் பொறுப்பில் இருந்தார், என்னென்ன விருது பெற்றார் என்று வரிசையாகப் போகிறது. வரலாற்றாசிரியர் யாரும் மெருகேற்றிய எழுத்தல்ல, ஒருவர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்ற விவரம் மட்டும். அதில் நடுவே ஓர் இடம் வருகிறது. மார்க்கோமன்னி, குவாடி, சர்மேஷியர் ஆகியோர் மேல் நடந்த போரில், ‘டேசியரின் மன்னன் டெசிபாலஸின் ராஜ்யத்தின் வழியாக’ அவர் படை நடத்திப் போனார் என்று செதுக்கியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபுஸ்கஸின் படை அழிந்தது அந்த மலைகளில்தான். சில வருஷங்களுக்குள் ஒரு ரோமப் படை அதே மன்னனின் மண்ணில், அவன் சம்மதத்தோடு, வேறொரு எதிரியைத் தாக்குவதற்கு நடந்து போகிறது. ஒரு படை ஒரு நாட்டின் வழியாகப் போவதென்றால் வழிகாட்ட ஆள் வேண்டும், தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவில் கூடாரம் அடிக்க இடம் வேண்டும். பின்னாலிருந்து அடிக்க மாட்டான் என்ற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டும். டொமிஷியன் கொடுத்த பணம் வாங்கித் தந்தது இதை. டேசியா நடுநிலையாக ஒதுங்கி நின்றதோடு முடியவில்லை, ரோமின் வடக்கு எல்லைப் போரில் அது ரோமுக்குப் பக்கத்துணையாக இருந்தது. அந்தக் கல்லைச் செதுக்கியவருக்கு அதில் வெட்கப்பட எதுவும் தெரியவில்லை. பதக்கம் வாங்கித் தந்த போர்களில் ஒன்றாகவே அதைப் பட்டியலில் போட்டிருக்கிறார்.

ரோம வரலாறு விடாமல் படிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. “சரிப்பா, வழி விட்டான். ஆனால் நீ அனுப்பின இன்ஜினியரை வைத்தே உனக்கு எதிராகக் கோட்டை கட்டினானே, அதுக்கு என்ன சொல்றே?” என்றார். கனமான கேள்விதான். டெசிபாலஸின் தலைநகர் சார்மிசெகெதூசா, ஒராஷ்டி மலைகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு கோட்டை வளையம். இன்று அவற்றில் ஆறு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள். அந்த மதில்களைக் கட்டிய முறை அலாதியானது. செதுக்கிய சுண்ணாம்புக்கல்லால் இரண்டு முகச்சுவர்கள், நடுவில் மண்ணும் உடைகல்லும், இரண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்கக் குறுக்கே மர உத்திரங்கள். உத்திரத்தின் முனை உட்கார்வதற்குக் கல்லில் புறா வால் வடிவத்தில் காடி வெட்டியிருப்பார்கள். மரம் எப்போதோ மக்கிப்போனது, அந்தக் காடிகள் மட்டும் கல்லில் அப்படியே தெரிகின்றன. சுண்ணாம்புக்கல் அந்த மலையில் கிடைக்காது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். சுட்ட மண் குழாய்களில் குடிநீர் வந்தது. ஆனால் இந்தக் கட்டுமான முறையை அவர்கள் 89-க்கு வெகு முன்பே, கருங்கடல் கரைக் கிரேக்க நகரங்களின் வழியாகக் கற்றிருந்தார்கள். டொமிஷியன் அனுப்பிய ஆட்கள் அதற்கு மேல் சேர்த்திருப்பார்கள், போர் எந்திரங்களில் குறிப்பாக. அதை நான் மறுக்கவில்லை. அண்டை நாட்டுக்காரன் மதிலை உறுதியாக்கிக்கொள்வது அவன் மறுபடி படையெடுத்து வரப்போகிறான் என்பதற்குச் சாட்சியாகுமா என்பதே என் கேள்வி. 89-க்கும் 101-க்கும் இடையில் டெசிபாலஸ் மோசியாவுக்குள் இறங்கி வந்ததாக எந்தப் பதிவும் இல்லை.

டிராஜன் ஏன் போனான் என்பதற்கு டியோ தரும் காரணங்களே போதும். டேசியர்கள் முன்பு செய்ததை எண்ணினான், அவர்களுக்கு ஆண்டுதோறும் போகும் பணம் அவனுக்கு உறுத்தியது, அவர்களுடைய பலமும் பெருமிதமும் கூடிக்கொண்டே போவதைக் கண்டான். எல்லை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. வளர்கிறார்கள் என்பதுதான் குற்றம்.

ஓடி வந்தவர்கள்

முதல் போர் 101-இலும் 102-இலும் நடந்தது. தாபேயில் மறுபடி பெரிய சண்டை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி தீர்ந்துபோக டிராஜன் தன் உடையையே கிழித்துக் கொடுத்தான் என்று டியோ எழுதுகிறார். டெசிபாலஸ் பணிந்தான். அப்போது போட்ட நிபந்தனைகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், எந்திரங்களையும் அவற்றைச் செய்தவர்களையும் ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், ரோமப் படையை விட்டு ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், இனிமேல் அப்படி யாருக்கும் இடம் தரக் கூடாது, ரோம ஆட்சிக்கு உட்பட்ட இடத்திலிருந்து ஒரு வீரனைக்கூட வேலைக்கு எடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு டியோவே விளக்கம் தருகிறார்: டெசிபாலஸின் படையில் பெரும்பகுதியும் சிறந்த பகுதியும் அவன் ரோம எல்லைக்குள்ளிருந்து பேசி வரவழைத்த ஆட்களே.

தூணில் பார்த்தால் இந்தப் பக்கம் சவரம் செய்த முகம், அந்தப் பக்கம் தாடி. இந்தப் பக்கம் நேர் வாள், அந்தப் பக்கம் வளைந்த வாள். ஒரு பார்வையில் யார் யார் என்று தெரிந்துவிடும். டியோவின் அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தவருக்கு இந்தப் பிரிவு அவ்வளவு சுலபமாக நிற்காது. ரோமச் சம்பளத்தை விட்டுவிட்டு மலை ஏறிப் போய் டேசிய மன்னனிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யார்? தண்டனைக்குப் பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். நல்ல கூலி கிடைத்த கைவினைஞர்கள் இருந்திருப்பார்கள். டொமிஷியன் அனுப்பி வைத்து அங்கேயே குடும்பம் குட்டியோடு தங்கிவிட்டவர்களும் இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் சின்னக் காலம் அல்ல. 102-இல் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டபோது ரோம முகாமில் அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்று நினைத்தால் மனசு கனக்கிறது. தப்பியோடிய வீரனுக்கு ரோமச் சட்டம் இரக்கம் காட்டியதில்லை.

இரண்டாவது போருக்கு டெசிபாலஸும் காரணம் கொடுத்தான். மறுபடி ஆயுதம் சேர்த்தான், ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தான், பக்கத்தில் இருந்த இயாசிகேஸ் குடியின் நிலத்தைப் பிடித்தான். டிராஜனைக் கொல்லவே ஆள் அனுப்பினான். லாங்கினஸ் என்ற ரோமத் தளபதியைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினான். தன்னால் பேரரசனின் கை கட்டுப்படக் கூடாது என்று லாங்கினஸ் விஷம் குடித்துச் செத்தார். இதற்குள் டமாஸ்கஸ் ஊர் அப்போலோடோரஸ் டான்யூபின் குறுக்கே துரோபேட்டாவில் இருபது தூண்கள் கொண்ட பாலத்தைக் கட்டி முடித்திருந்தார், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 106-இல் சார்மிசெகெதூசா விழுந்தது.

டெசிபாலஸின் கடைசி நிமிஷம் தூணின் மேல் சுற்று ஒன்றில் இருக்கிறது. ஒரு மரத்தடியில் மண்டியிட்டுக் கிடக்கிறான். கையில் வளைந்த கத்தி, கழுத்துக்குக் கிட்டே. ரோமக் குதிரைவீரன் ஒருவன் சேணத்திலிருந்து குனிந்து அவனை நோக்கிக் கையை நீட்டுகிறான். உயிரோடு பிடித்தால்தான் ஊர்வலத்தில் இழுத்துக் காட்ட முடியும். அந்தக் குதிரைவீரன் யார் என்று 1965-இல் தெரிந்தது. வட கிரீஸில் பழைய ஃபிலிப்பி நகரத்துக்குப் பக்கத்தில் அவனுடைய நினைவுக்கல் கிடைத்தது. திபேரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸ். உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல் வைத்துக்கொண்டவன். டெசிபாலஸைப் பிடித்து, அவன் தலையை ரானிஸ்டோரத்தில் இருந்த டிராஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்ததற்காகப் பதவி உயர்வு பெற்றதாக அதில் எழுதியிருக்கிறது. அதே கல்லில் இன்னொரு தகவலும் உண்டு: டேசியப் போரில் காட்டிய வீரத்துக்காக டொமிஷியனிடமும் அவன் பரிசு பெற்றிருக்கிறான். இளைஞனாக டொமிஷியன் காலத்துப் போரைப் பார்த்தவன், சமாதான காலம் முழுக்கப் படையில் இருந்தவன், கடைசியில் அந்த மன்னனின் தலையைச் சுமந்து வந்தவன். இந்த இருபது வருஷக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றும். டிராஜன் தன் போரைப் பற்றித் தானே எழுதிய நூலில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம். அங்கிருந்து பெர்சோபிஸ், அப்புறம் ஐஸி என்று முன்னேறினோம், அவ்வளவுதான். அதுவும் பிரிசியன் என்ற இலக்கண ஆசிரியர் உதாரணத்துக்காக எடுத்தாண்டதால் பிழைத்தது.

வெற்றியின் கணக்கு

டெசிபாலஸ் சார்கேஷியா என்ற ஆற்றைக் கைதிகளை வைத்துத் திசை திருப்பி, அடியில் பொக்கிஷத்தைப் புதைத்து, ஆற்றைப் பழையபடி ஓட விட்டு, அப்புறம் அந்தக் கைதிகளையும் கொன்றான் என்கிறார் டியோ. பிசிலிஸ் என்ற கூட்டாளி பிடிபட்டதும் இடத்தைக் காட்டிக்கொடுத்தான். கிடைத்த தங்கத்தின் அளவைப் பற்றிப் பழைய நூலொன்றில் வரும் எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 165 டன் வருகிறது. ரோமில் 123 நாள் விளையாட்டு விழா, 10,000 கிளாடியேட்டர்கள், 11,000 மிருகங்கள். புதிய ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம் எழுந்தது, நான் பார்த்த தூண் எழுந்தது.

டேசியாவில் என்ன மிஞ்சியது? டெசிபாலஸின் நீண்ட போரில் அந்த நாட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது, அதனால் உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து டிராஜன் குடியேற்றினான் என்று பிற்கால ரோம வரலாற்றாசிரியர் யூட்ரோபியஸ் எழுதுகிறார். தங்கச் சுரங்கங்கள் ரோமின் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று அல்பர்னஸ் மாயோர், இன்றைய ரோஷியா மொன்டானா. அங்கே சுரங்கத்துக்குள் மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதிய ஒப்பந்தங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு பலகை 139-ஆம் ஆண்டு. பாசியா என்ற சிறுமி, ‘அல்லது வேறு என்ன பெயர் இருந்தாலும்’, ஏறத்தாழ ஆறு வயது, 205 தினாரியஸுக்கு, அதாவது ரோம வெள்ளிக்காசுக்கு, விற்கப்படுகிறாள். 164-இல் ஒரு தொழிலாளி தனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் வேறொருவரை வைத்து எழுதிக் கொடுத்த வேலை ஒப்பந்தம்: மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, 70 தினாரியஸும் சாப்பாடும். 167-இல் ஈமச்செலவுக்காகச் சேர்ந்த ஒரு சங்கம் கலைக்கப்படுகிறது. 54 உறுப்பினர்களில் 17 பேர்தான் மிச்சம், பணப்பெட்டியும் காலி. ஃபோரத்தின் பளிங்கைப் பற்றிப் பேசும்போது இந்தப் பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

டேசிய இளைஞர்களை ரோம் தன் படையில் சேர்த்துத் தூர தேசங்களுக்கு அனுப்பியது. பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பேர்டோஸ்வால்ட் கோட்டையில் ஒரு டேசியப் படைப்பிரிவு இருந்தது. அங்கே கிடைத்த கல்லறைக்கல் ஒன்றில் டெசிபாலஸ் என்ற பெயர் இருக்கிறது. இன்னொரு கூட்டம் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துக்குப் போனது. நைல் கரையின் கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸுக்குப் போகும் பாதையில் க்ரோகோதிலோ என்ற சிறு காவல் கோட்டை. அங்கே கிடைத்த பானையோட்டு எழுத்துகளில் திடா, கைகிசா மாதிரியான அசல் டேசியப் பெயர்கள் வருகின்றன, டிராஜன் காலத்தை ஒட்டியவை. அந்தப் பாதை எந்தச் சரக்குக்காகப் போட்டது என்பது நமக்குத் தெரியும். மியோஸ் ஹோர்மோஸிலேயே கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்திருக்கின்றனவே. உறைந்த ஆற்றின் மேல் நடந்து பழகியவர்களின் பிள்ளைகள், நம் மிளகு போன வழியில் பாலைவனக் காவலுக்கு நின்றிருக்கிறார்கள்.

டிராஜன் 117-இல் இறந்தான். அடுத்து வந்த ஹேட்ரியன் டேசியாவையே விட்டுவிடலாமா என்று யோசித்தான், அங்கே குடியேறிவிட்ட ரோமர்களின் கதி என்னாவது என்று சொல்லி நண்பர்கள் தடுத்தார்கள் என்று யூட்ரோபியஸ் எழுதுகிறார். அப்போலோடோரஸ் கட்டிய பாலத்தின் மேல்தளத்தை அவன் கழற்றிவிட்டான். எதிரிகள் சுலபமாக இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற பயம். அதே நேரம் ரொக்சோலானி குடியின் மன்னன் தகராறு செய்துகொண்டிருந்தான். முதல் போரில் டெசிபாலஸோடு சேர்ந்து மோசியாவுக்குள் புகுந்த குதிரைப்படை அவர்களுடையது, தூணில் உடம்பு முழுக்கச் செதில் கவசத்தோடு வருவார்கள். அவன் புகார், ரோம் தனக்கு ஆண்டுதோறும் தரும் தொகையைக் குறைத்துவிட்டது என்பது. அப்படியானால் டொமிஷியன் கொடுத்ததைப் பார்த்து மனம் நொந்த டிராஜனின் காலத்திலேயே, அதே ஆற்றங்கரையில் இன்னொரு குடிக்கு ரோமப் பணம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஹேட்ரியன் நேரில் போய் விஷயத்தை விசாரித்து, அந்த மன்னனோடு சமாதானம் செய்துகொண்டான்.

நண்பருக்கு இதையும் அனுப்பினேன். ஹேட்ரியன் கொடுத்தது பலமான இடத்தில் நின்று, டொமிஷியன் கொடுத்தது தோற்றுப்போய் என்று பதில் எழுதினார். மார்க்கோமன்னியிடம் டொமிஷியன் தோற்றது நிஜம். டேசியர்களை அவன் படை தாபேயில் ஜெயித்தது அதற்கு முந்தின வருஷம். ஜெயித்த எதிரியோடுதான் அவன் ஒப்பந்தம் போட்டான், பட்டமும் அவன் கையால்தான் சூட்டப்பட்டது. நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.